ஒரே ஜாடியில் இரண்டு கெண்டை

மேற்கு ஓடையிலும் கிழக்கு ஓடையிலும் பிடித்த கெண்டைகளை ஒரே தொட்டியில் விட்டால், அவை தாமாகவே இரண்டு கூட்டமாகப் பிரிந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றனவாம். வலை வீசுகிற ஒருவன் வாட்ச்மேனின் மச்சானிடம் சொல்லி, மச்சான் வாட்ச்மேனிடம் சொல்லி, வாட்ச்மேன் அதை மீன் காப்பகத்தின் நிலவறை வரைக்கும் இறக்கிக் கொண்டுவந்துவிட்டார்.

“எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணுபோல இருக்குமாம். ஆனா இந்தப் பக்கத்து மீன் அந்தப் பக்கம் போகவே போகாதாம்.”

“மீனுக்கும் பங்காளிச் சண்டையா அண்ணே?” என்று சிரித்தாள் ஜாடிக்காரம்மா. அந்தச் சிரிப்பு ஏனோ பாதியிலேயே நின்றுபோயிற்று.

தட்டச்சு வேலைக்கென்று வந்தவளை, ஒரு வாரத்துக்கு ஜாடிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கீழே அனுப்பினார்கள். அந்த வாரம் இருபத்தாறு வருஷமாக முடியவில்லை. செத்த மீன்கள் கெடாமலிருக்க ஊற்றிய சாராயம் குறைந்தால் ஜாடியில் ஊற்றி நிரப்புவது, மூடியைத் துடைப்பது, பென்சிலால் லேபிள் எழுதி உள்ளே போடுவது. கூரையோரத்துச் சின்ன ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் கணுக்கால் மட்டும் தெரியும். மற்றபடி சுற்றிலும் கண்கள்தான். சாராயத்தில் வெந்ததுபோல வெளுத்த கண்கள். ஜாடியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அவற்றில் ஒன்றாவது அவளைப் பார்க்கும்.

பாதி காலியான எதுவும் அவளுக்குப் பொறுக்காது. வீட்டில் அரை டப்பா சர்க்கரை இரண்டு இருந்தால் மறுநாள் அது ஒரு டப்பா. “ஒருநாள் என்னையும் பக்கத்து வீட்டுக்காரரையும் ஒண்ணாப் போட்டு மூடப்போற” என்பார் கணவர்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் காப்பகத்தில் ஜாடிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மேற்கு ஓடைக் கெண்டை ஒரு ஜாடி, கிழக்கு ஓடைக் கெண்டை ஒரு ஜாடி. இரண்டும் பாதிதான். இரண்டு லேபிளிலும் ஒரே பெயர். இரண்டையும் ஒரே ஜாடியில் கொட்டினாள். ஒரு மீனுக்கு எதற்கு இரண்டு சீட்டு என்று மேற்கு ஓடை லேபிளை மட்டும் உள்ளே விட்டுவிட்டு மற்றதைக் கிழித்துப் போட்டாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியான விஷயமாகவும் அப்போது தோன்றவில்லை.

வாட்ச்மேன் மேலே போன கொஞ்ச நேரத்தில், ஆராய்ச்சிக்காரப் பெண் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தாள். போன மாதம் அந்த ஜாடியிலிருந்து பத்து மீனை எடுத்துத் துடுப்பில் துளி நறுக்கிக்கொண்டு, வாலில் எண் கட்டித் திரும்பப் போட்டவள் அவள்தான்.

“அக்கா, பத்துல ஆறு யாரும் இதுவரைக்கும் பாக்காத வேற இனம்! மத்த நாலும் எங்கயும் கிடைக்கிற சாதாக் கெண்டை. கண்ணுக்குத்தான் ஒண்ணு. மரபணுவுல பாத்தா லட்சக்கணக்கான வருஷமா ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

“அப்படின்னா நல்ல சேதிதானே?”

“எங்க நல்ல சேதி! நாலு மணிக்கு ரெண்டு ஓடைக்கும் மதகை அடைக்கிறாங்க. தண்ணியெல்லாம் இனிமே குழாய்க்குத்தான். அதுக்குள்ள உயிரோட பத்துப் பதினஞ்சு பிடிச்சாத்தான் இந்த இனம் மிஞ்சும். என்கிட்ட இருக்கறது ஒரு ஜீப்பு, ஒரு வலை. ஒரு ஓடைக்குத்தான் போக முடியும்.” மூச்சு வாங்கினாள். “லேபிள்ல மேற்குன்னு இருக்கு. அதுல சந்தேகம் எதுவும் இல்லையேக்கா?”

ஜாடிக்காரம்மா துடைத்த மூடியையே மறுபடி துடைத்தாள். ஒரு ஜாடிகூடப் பிசகியதில்லை என்று போன வருஷம்தான் மேடையேற்றி மாலை போட்டிருந்தார்கள்.

“லேபிள்ல அதான் இருக்கு.”

“நீங்க சொன்னாப் போதும்க்கா.” ஜீப் கிளம்பும் சத்தம் ஜன்னல் வழியாக வந்து தேய்ந்தது.

அவள் ஜாடியை இறக்கி, மீன்களை வெள்ளைத் தட்டில் பரப்பினாள். எந்த எண் எந்த இனம் என்று அந்தப் பெண் எழுதி விட்டுப்போன தாளைப் பார்த்து, எண் கட்டிய பத்தையும் தனியே எடுத்தாள். வேறு இனம் ஆறு ஒரு வரிசை, மற்ற நாலு ஒரு வரிசை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். செதிலில் வித்தியாசம் இல்லை. துடுப்பில் இல்லை. வால் புள்ளியில்கூட இல்லை. பார்க்கப் பார்க்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பார்த்து நடிப்பது போலிருந்தது.

அப்புறம்தான் வாய்களைப் பார்த்தாள்.

ஆறும் வாயைத் திறந்திருந்தன. நாலும் மூடியிருந்தன.

அந்த மீன்கள் வந்த விதம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. மேற்கு ஓடை மீன்கள் செத்த பிறகு ஐஸ் பெட்டியில் வந்தவை. கிழக்கு ஓடை மீன்கள் தகர டின்னில் உயிரோடு வந்தன. அவற்றின் மேல் சாராயத்தை ஊற்றியது இதே கைதான். டின்னின் உள்பக்கம் மழை பெய்வது போல் படபடவென்று அடித்தன. பிறகு ஓய்ந்தன. உயிரோடு சாராயத்தில் விழுகிற மீன் வாயைப் பிளந்துகொண்டுதான் சாகும். அப்படியானால் அந்த ஆறும் கிழக்கு ஓடை.

தட்டிலிருந்த மற்ற மீன்களைப் பார்த்தாள். திறந்த வாய், மூடிய வாய், திறந்த வாய், திறந்த வாய். பன்னிரண்டு வருஷமாக மாதம் தவறாமல் இந்த ஜாடியைத் துடைத்திருக்கிறாள். அத்தனை நாளும் உள்ளே பாதிக்கூட்டம் வாயைத் திறந்துகொண்டே இருந்திருக்கிறது. அறையில் எங்கோ ஒரு மூடி ‘டக்’ என்றது. சாராயம் சூட்டுக்கு விரிந்தால் அப்படித்தான் சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி இரண்டு ஐம்பது. மேற்கிலிருந்து கிழக்கு ஓடைக்கு ஜீப்பில் அரைமணி நேரம்.

ஈரக் கையோடு போனை எடுத்து அந்தப் பெண்ணின் எண்ணைப் போட்டாள். சொல்வதற்கு இனி யோசிக்க எதுவும் இல்லை. ‘நான்தான் கலந்துட்டேன், கிழக்குக்குப் போ’ என்று எடுத்ததும் சொல்லிவிடலாம். அந்தப் பக்கம் மணி அடித்தது. அந்தப் பெண் இந்நேரம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, போனைக் கரையில் எங்காவது வைத்திருப்பாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள்.

“யாருக்கும்மா போனு?” என்று படியிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். “மீன் எதுவும் எழுந்திருச்சிடுச்சா?”

அவள் கையைக் காட்டி அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள். காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.