டெக்குக்கு மூன்று சொல்

நாகையாவின் வீட்டில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறாமல் வேலைக்குப் போன முதல் ஆள் அவர் மகள் மாரிசெல்விதான். தாயில்பட்டியில் பஸ் ஏறி சிவகாசிக்குப் போய், ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தாள். மதுரையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தபோது, அங்கிருந்த ஸ்பெயின் நாட்டு சிஸ்டர் ஒருவரோடு பேசிப் பேசியே அவளுக்கு ஸ்பானிஷ் வந்துவிட்டது. பிறகு புத்தகம் வாங்கி இலக்கணமும் படித்துக்கொண்டாள். வெளிநாட்டு ஆர்டர்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த முதலாளி சங்கிலிமுத்து அண்ணாச்சி, 2006இல் அவளை உடனே சேர்த்துக்கொண்டார். அம்மா அய்யம்மாள் பட்டாசுக்குத் திரி வைத்துக்கொண்டே, "எம் மக வெளிநாட்டுப் பாஷையில எழுதுதா" என்று பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனாள்.

அச்சகத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி பாண்டிச்செல்வத்துடையது. பக்கம் வடிவமைப்பது அவன் வேலை. சாத்தூர்ப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். "கம்ப்யூட்டரைத் தட்டுனது போதும், வந்து காட்டைப் பாரு" என்று அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவனுக்கு மண்ணில் கால் வைக்கவே பிடிக்கவில்லை.

அவன் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வான். அதுதான் மாரிசெல்விக்குப் பிடித்தது. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும், "செல்வி, இதுக்கு அவுக என்ன சொல்லுவாக?" என்று புளிக்குழம்பைக் காட்டுவான். வீட்டில் யாருக்கும் புரியாத ஒன்றை இவ்வளவு ஆசையாக ஒருவன் கேட்கிறானே என்று அவளுக்கு மனசு நிறைந்துவிடும். அந்த நிறைவுக்கு வேறு பெயர் வைக்கவும் அவள் யோசித்திருந்தாள்.

அந்த வருஷம் லண்டன் கம்பெனி ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. பிள்ளைகள் விளையாடுகிற கப்பல் சீட்டு. ஆங்கிலத்தில் இருந்ததை ஸ்பானிஷில் மாற்றி அச்சடிக்க வேண்டும். சிலி நாட்டுக்குப் போகிற சரக்கு. அதில் 'டெக்' என்ற ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வந்தது.

"ஒரே சொல்லுதானே, ஒரு தடவை போட்டா முடிஞ்சுபோச்சு" என்றான் பாண்டிச்செல்வம்.

"அதெப்படி? கேப்டன் நிக்குற மேல்தளமும் டெக், சீட்டுக்கட்டும் டெக், கப்பலைக் கொடி கட்டி ஜோடிச்சாலும் அதே டெக்தான். ஸ்பானிஷ்ல மூணும் வேற வேற. தளம்னா குபியர்த்தா. சீட்டுக்கட்டுன்னா மாசோ. ஜோடிக்கிறதுக்கு எங்கலனார்."

அவன் மூன்றையும் சொல்லிப் பார்த்தான். 'எங்கலனார்' அவன் வாயில் ஏதோ ஊர்ப் பெரியவர் பேர் மாதிரி ஒலிக்க, இருவரும் சிரித்தார்கள்.

சீட்டுகள் அச்சாகிப் போன பிறகுதான் லண்டனிலிருந்து மெயில் வந்தது. எல்லா இடத்திலும் மாசோ. அந்தச் சொல்லுக்கு மரச்சுத்தியல் என்றும் பொருள் உண்டு. கேப்டன் மரச்சுத்தியல் மேல் நின்று கடலைப் பார்க்கிறார். கொடிகளால் கப்பலைச் சுத்தியல் செய்யச் சொல்லியிருக்கிறது. மொத்தச் சரக்கும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அண்ணாச்சி இருவரையும் கூப்பிட்டார். "ஆரு பாத்த வேலை இது?"

மாரிசெல்வி பாண்டிச்செல்வத்தைப் பார்த்தாள். அவன் சொல்லிவிடுவான் என்றுதான் காத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்ததை அப்படியே போட்டேன் அண்ணாச்சி" என்றான் அவன்.

மாரிசெல்வி குறுக்கிட்டாள். "நான் மூணு எடத்துக்கும் மூணு சொல்லுதான் அண்ணாச்சி குடுத்தேன்..."

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதும்மா. இவன் இங்கன ரொம்ப வருஷமா இருக்கான். நீ நாளையிலேருந்து வர வேண்டாம்."

பஸ் ஸ்டாண்டுவரை அவள் பின்னாலேயே வந்தான் பாண்டிச்செல்வம். "கட்டத்துல எடம் பத்தலை செல்வி. குபியர்த்தா நீளமா இருந்துச்சு. மிஷின் காத்துக்கிட்டிருந்துச்சு, நீயும் வீட்டுக்குப் போயிட்டே. மாசோ சின்னச் சொல்லு, எல்லா எடத்துலயும் அதையே போட்டுட்டேன். உனக்குப் படிப்பு இருக்கு, எங்கன போனாலும் பொழைச்சுக்குவே. இந்த வேலை போனா நான் காட்டுக்குத்தான் போகணும்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, தப்பு என்னோடதுன்னு நானே சொல்லியிருப்பேனே" என்றாள் அவள். அது உண்மை. அதைச் சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டில் அய்யம்மாள் திட்டவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எங்கூட வேன்ல வர்றியா தாயி?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்வி திட்டைவிட மோசமாக இருந்தது. மாரிசெல்வி போனாள். தீபாவளி சீசன், ஆள் தேவைப்பட்டது. சாயங்காலம் கை கழுவினாலும் விரலிடுக்கில் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது.

சீசன் முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார். பின்னால் சீட்டுக் கட்டோடு பாண்டிச்செல்வம். திருத்தி அடித்துக் கொடுத்தால் சரக்கை எடுத்துக்கொள்வதாக லண்டன்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஸ்பானிஷ் தெரிந்த வேறு ஆள் கிடைக்கவில்லை.

"நடந்ததை மனசுல வச்சுக்காதம்மா. திருத்திக் குடு" என்றார் அண்ணாச்சி.

"தர்றேன். அதுக்கு முன்னாடி அவரை ஒன்னு கேட்டுக்கிறேன்." கேப்டன் படம் போட்ட சீட்டை எடுத்து பாண்டிச்செல்வத்திடம் நீட்டினாள். "இவர் நிக்குற எடத்துக்கு என்ன சொல்லு?"

"குபியர்த்தா" என்றான், யோசிக்காமல்.

"கொடி கட்டுறதுக்கு?"

"எங்கல..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அண்ணாச்சி அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, தெரிஞ்சுக்கிட்டேவா மாத்துனே?"

ஆனாலும் அண்ணாச்சி அவனை வேலையைவிட்டு நீக்கவில்லை. வேலை தெரிந்தவன், அவருக்கு வேண்டியிருந்தது. மாரிசெல்வியைத் திங்கட்கிழமையே வரச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். வீட்டிலிருந்தே எழுதித் தருவதாகவும், கடைசிப் புரூப்பைத் தான் பார்த்த பிறகுதான் மிஷினில் ஏற்ற வேண்டும் என்றும் சொன்னாள். அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்தடுத்து மற்ற அச்சகங்களும் அவளைத் தேடி வந்தன. பட்டாசு வேலைக்கு அவள் பிறகு போகவில்லை. பாண்டிச்செல்வம் சில தடவை போன் செய்து மன்னிப்புக் கேட்டான். "சரி" என்றாள், அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. அவன் பொய் சொன்னதை நாளடைவில் அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. தான் சொல்லிக்கொடுத்த சொற்களை அவன் ஒன்றுகூட மறக்கவில்லை என்பதுதான் ஆறவே இல்லை.