மரத்தில் மேடத்துக்குக் கிடைத்த இடம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்று பெருமையடிக்கப் போய்க் கெட்டேன்.

எங்கள் தையல் ஆலையில் சூப்பர்வைசர் வேலை காலி. என் பேச்சையே ஒரு வாத்தியார் ஆராய்கிறார் என்று காட்டினால் எனக்கே தருவார் என்று, முதலாளி மேடத்தைப் போ பசான் ஊரிலிருக்கும் அந்த வாத்தியாரிடம் கூட்டிப்போனேன். அவருடைய கார்தான். நான் முன்சீட்டில், அவர் நாய் பின்சீட்டில்.

வாத்தியார் தமிழ்நாட்டுக்காரர். நான் பேசிய வாக்கியங்களைக் கம்ப்யூட்டரில், எந்தச் சொல் எதற்குக் கீழே என்று காட்டும் தலைகீழ் மரங்களாக வரைந்து வைத்திருக்கிறார். அதற்கென்று உள்ள மொழியில் கேள்வி தட்டினால் தேடித் தருமாம்.

"இந்த அக்கா, மேடத்தைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு கேப்போமா?" என்று தட்டினார்.

திரையில் வந்தது: மேடம், சோம்பேறி. மேடம், ஒரே நாற்றம். மேடம், திருட்டு ஜென்மம்.

"ஐயோ மிஸ்யே, நான் சொன்னது மேடத்தோட நாயை!" என்று வாத்தியாரைப் பார்த்துக் கத்தினேன்.

"என் தப்புதான் மேடம். திட்டுக்கு நேர் கீழே தேடுன்னு கேக்காம, கீழே எங்கேயாவது தேடுன்னு கேட்டுட்டேன்," என்று வாத்தியார் அவருக்கு விளக்கினார். "மரத்துல நாய்தான் மேலே. நீங்க அதுக்குக் கீழே."

த்தூ! இதற்கா இத்தனை படிப்பு? உங்களுக்கும் இப்படி யாராவது உதவியிருந்தால் எழுதுங்கள்.

திரும்பும்போது முன்சீட்டில் நாய் உட்கார்ந்திருந்தது. நான் எங்கள் ஊர் சேன் பியேருக்குப் பஸ்ஸில் வந்தேன்.