சக்கரம் பார்க்கும் கொய்யாக்கார அம்மா

என் கையெழுத்து கோணல். அஞ்சாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகாபலிபுரத்தில் மகள் பிரசவ வலியோடு தனியாக இருந்தாள். அவளிடம் போக, மழை விடாத ஒரு மத்தியானம் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் நின்றேன். யாரையும் கேட்கக் கூச்சம். பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். கடைசியில் மகாபலிபுரம் போகும் ஒரு ஷேர் ஆட்டோவில் கால் வைத்தேன்.

யாரோ என் பையைப் பிடித்து இழுத்தார்கள். வாசலில் கொய்யா விற்கும் அம்மா. குள்ளமான உருவம், தலையில் பிளாஸ்டிக் சாக்கு. உள்ளே வரும் ஒவ்வொரு பஸ்ஸின் சக்கரத்தையும் குனிந்து பார்ப்பது அவர் வழக்கம்.

“திருக்கழுக்குன்றம் வழியா போவாதண்ணா. அங்கேர்ந்து வர்ற பஸ்ஸுல சக்கரத்துக்கு மேல வரைக்கும் சேறு. ஏரித்தண்ணி ரோட்டுல ஏறிகினு கீது. ரயில்ல வண்டலூர் போ. அங்கேர்ந்து கேளம்பாக்கம் போய் பஸ் மாறு.”

“ரொம்ப சுத்தும்மா. பொண்ணு தனியா கீது.”

“நீ போய்ச் சேந்தாதான அதுக்குத் துணை?”

ஆட்டோவில் இருந்தவர்களையும் இறங்கச் சொன்னார். “இன்னாக்கா, பழம் வித்துப்போச்சா? இப்ப ரூட்டு விக்கிற?” என்று டிரைவர் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டோ போய்விட்டது.

நான் அவர் சொன்னபடி சுற்றியே போனேன். எனக்கு முன்பே பேத்தி வந்துவிட்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் அந்த அம்மாவைத் தேடிப் போய், “அந்த ஆட்டோ திரும்பி வந்துச்சாம்மா?” என்றேன்.

“அதத்தாண்ணா நானும் பாத்துகினே கீறேன்” என்றவர், உள்ளே வந்த பஸ்ஸின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

எழுதியது ஐப்பசி முதல் தேதி. காலையிலிருந்து மழை.