பட்டுச் சேலைகளுக்கு நடுவில் ஓர் அலாரம்

பள்ளி இறுதியாண்டு எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வில் என் கடைசி மகள் வரலாற்றுத் தாளின் மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். விடியும்வரை கைப்பேசி பார்ப்பவள் வேறு எப்போது தூங்குவாள்? மறுநாள் கணிதம். அதிலும் தூங்கினால் அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் படிக்கக் கிடைக்கும் உபகாரச் சம்பளம் போய்விடும்.

வேலைக்காலம் முழுவதும் அரசாங்கக் கோப்புகளோடு கிடந்தவன் நான். பூட்டுபவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் வேறொருவர் என்பது எங்கள் அலுவலக முறை. மனைவி பாகான் செராயில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் இரண்டு பதவியும் எனக்கே. மகளின் கைப்பேசியை வாங்கி, இரும்பு அலமாரியில் மனைவியின் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன்.

"இது என்னாப்பா, போலீஸ் லோக்காப்பா?" என்றாள்.

அன்றிரவு அவள் புரண்டாள், குளிர்பெட்டியைத் திறந்தாள், மூடினாள். நான் கூடத்தில் காவல். காவலுக்குத் துணையாக என் கைப்பேசி. ஓய்வூதியர் குழுவில் யாரோ மருத்துவக் குறிப்புகளாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

காலையில் பள்ளி வேன் ஹார்ன்தான் என்னை எழுப்பியது.

"அண்ணே, அடிச்சு அடிச்சு கை வலிக்குது. மத்த புள்ளைங்களுக்கும் லேட்டாவுது லா. நான் போறேன்" என்று வேன் ஓட்டும் அக்கா கிளம்பிவிட்டார்.

மகள் அறையிலிருந்து பாய்ந்து வந்தாள். "ஏன்ப்பா எழுப்பல?"

"நீ அலாரம் வைக்கலியா?"

"அதத்தான நீங்க பூட்டி வச்சிருக்கீங்க!"

காதைக் கொடுத்துக் கேட்டேன். பட்டுக்குள்ளிருந்து மெலிதாக அது அடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஈப்போ நெரிசலில் காரை நுழைத்தபடி, தாமதமாக வருவோரைத் தேர்வறைக்குள் விடும் விதிகளை விளக்கத் தொடங்கினேன்.

"அப்பா, ரூல்ஸ் அப்புறம். பச்ச விழுந்துடுச்சு, போங்க."

உள்ளே விட்டார்கள். மாலையில் வந்தவள், "தூங்கல. ஆனா கடைசி கேள்விக்கு நேரம் பத்தல" என்றாள். சற்று நேரம் கழித்து, "இன்னிக்கும் என்னோடத பூட்டுங்க. உங்களோடதயும் வைங்க. உங்க வெளிச்சம் என் கதவுக்குக் கீழ வருது."

சீனர் கடையில் சாவி கொடுக்கும் மேசை அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கிவந்தேன். அது வீடு அதிர டிக்டிக்கென்றது. மகளின் அறையில் சத்தமே இல்லை. ஓய்வூதியர் குழுவில் இந்நேரம் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் புரண்டுகொண்டிருந்தேன். அலமாரி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சாவி, அலுவலக முறைப்படி, அவளிடம்.