ஏலியன் படத்துக்குப் பத்திரங்களோட வந்த வேலப்பண்ணை

டர்பன்டைன் மணம்...

வேலப்பன் அண்ணையை நாங்கள் வேலப்பண்ணை எண்டுதான் கூப்பிடுறது. அவர் கந்தோர் வாசலில வந்து நிண்டா, ஆளைக் காண முதல் அந்த மணம்தான் உள்ளுக்க வரும். கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற மனுசன். எத்தினை தரம் தேய்ச்சுக் கழுவினாலும் நகத்துக்குள்ள இருக்கிற சிவப்புப் போகாது.

சுதந்திரம் கிடைச்சுச் சில வருசம் ஆகியும் திருகோணமலைத் துறைமுகத்தில நேவி பேஸ் மட்டும் வெள்ளைக்காரன்ட கையில இருந்த காலம். நான் அங்க ஒரு கந்தோரில டைப்பிஸ்ட். பத்தொன்பது வயசு. பெரிய கிளாக்கர் எழுதித் தாறதை அடிக்கிறது, நோட்டீஸ் போர்டில ஒட்டுறது... இவ்வளவுதான் வேலை. அடிக்கிறதில என்ன எழுதியிருக்கெண்டு யோசிக்கிற பழக்கம் அப்ப எனக்கு இல்லை.

வெள்ளைக்காரன் பேஸை விட்டுப் போகப்போறான் எண்டு கதை அடிபடத் தொடங்கினது. வேலை செய்யிற ஆக்களை ரெண்டு லிஸ்டாப் பிரிச்சவை. இலங்கைப் பிரசைகள் ஒண்டு. மற்றதுக்குத் தலைப்பு, ஏலியன்ஸ். வேற நாட்டுக்காரர் எண்டு அர்த்தம். ரெண்டையும் அடிச்சது நான்தான்.

வேலப்பண்ணை நாகர்கோயில் பக்கத்தால வந்தவர். இருபது வருசமா இந்தத் துறைமுகத்திலதான் வேலை. மகள் ராஜம் பிறந்ததும் இங்கதான். ஆனாலும் ரெண்டாவது லிஸ்டிலதான் அவரின்ட பேர். பிரசாவுரிமைக்கு எழுதிப் போட்டுட்டு, விசாரணைக்கு எப்ப கூப்பிடுவாங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர். அது கிடைக்காட்டி வேலையும் போகும், குடும்பத்தோட கப்பலும் ஏறவேணும்.

அவருக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாது. ஆனா ஏலியன் எண்ட அந்த ஒரு சொல்லை மட்டும் எழுத்து எழுத்தாப் பாத்துப் பாடமாக்கி வச்சிருந்தவர்.

ஒருநாள் போர்டில புது நோட்டீஸ் ஒண்டு ஒட்டினனான். பெரிய எழுத்தில அதே சொல். வேலப்பண்ணை கண்டிட்டு நேர என்ட மேசைக்கு வந்தார். இது அந்தச் சொல்தானே தங்கச்சி எண்டு கேட்டார். எனக்கு வேலை தலைக்கு மேல. நிமிர்ந்தும் பாக்காமல் ஓம் எண்டன். எப்ப, எங்க எண்டார். சனிக்கிழமை நாலு மணி, கன்டீன் ஹோல் எண்டன். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டார்.

"ஓம் அண்ணை, எல்லாரும் வரலாம்."

அவ்வளவுதான் கதைச்சனான்... அது ஒரு இங்கிலிஸ் படத்துக்கு அடிச்ச நோட்டீஸ். வேற கிரகத்து ஆக்கள் இங்கிலாந்துக்குள்ள பூருற படம்.

சனிக்கிழமை நானும் போயிருந்தனான். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தது. முன் வரிசைக் கதிரையில வேலப்பண்ணை. வெள்ளை வேட்டி, யாரிட்டயோ இரவல் வாங்கின கோட். பக்கத்தில மனுசியும் ராஜமும், பெட்டைக்குத் தலையில புது ரிப்பன். மடியில ஒரு பிஸ்கட் ரின். நான் பின்னுக்கு இருந்தனான். மனுசன் படம் பாக்க நல்லா வெளிக்கிட்டு வந்திருக்கு எண்டு நினைச்சனான். என்ட விசர்ப் புத்தி.

வானத்தால என்னவோ வந்து ஒரு ஊருக்குள்ள இறங்குது. பட்டாளம் வருது. துவக்கு, நெருப்பு, சனம் குழறிக்கொண்டு ஓடுது... மனுசி ராஜத்தின்ட முகத்தைச் சீலையால மூடினா. வேலப்பண்ணை மட்டும் அசையேல்லை. கடைசியில வந்ததுகள் எல்லாம் நெருப்பில எரிஞ்சு போக, ஹோலில இருந்தவை கைதட்டிச்சினம். நானும் தட்டினனான்.

லைட் போட்டதும் எல்லாரும் எழும்பிட்டினம். வேலப்பண்ணை படம் ஓட்டின மெசின் வச்சிருந்த மேசைக்குப் போய் ரின்னைத் திறந்து, ஒவ்வொண்டா எடுத்து அடுக்கினார். அரிசிக் கூப்பன் புத்தகம், ராஜத்தின்ட பிறப்புச் சேர்டிபிகேட், பழைய துரைமார் எழுதிக் குடுத்த கடிதங்கள். தன்ட விசாரணை எப்ப எண்டு மெசின்காரனிட்டக் கேட்டார்.

முதல் பெரிய கிளாக்கர்தான் சிரிச்சார். பிறகு ஹோல் முழுக்கச் சிரிச்சது. ராஜம் ஏன் சிரிக்கினம் எண்டு விளங்காமல் தானும் சிரிச்சாள்.

உன்னை ஆர் வரச்சொன்னது எண்டு பெரிய கிளாக்கர் கேட்டார். வேலப்பண்ணை திரும்பி என்னை ஒருக்காப் பாத்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. நானாத்தான் வந்தனான்."

திங்கட்கிழமை என்ட மேசைக்கு வந்தார். கோவமா வருவார் எண்டு பயந்தனான். கோவம் இல்லை. மெல்லமாக் கேட்டார்.

"அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தமோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை."

"எங்கட லிஸ்டில எந்த அர்த்தத்தில போட்டிருக்கு?"

வேற நாட்டுக்காரர் எண்டு மட்டும்தான் எண்டு சொன்னனான். சொல்லேக்க எனக்கே அது சரியாப் படேல்லை. தலையை ஆட்டிப்போட்டுப் போனார்.

விசாரணை பிறகு நடந்தது. குடுத்த பத்திரங்கள் காணாதெண்டு பிரசாவுரிமை இல்லையெண்டுட்டாங்கள். பேஸ் கைமாறின அந்த வருசமே மூண்டு பேரும் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறிட்டினம். நான் வழியனுப்பப் போகேல்லை. போக முகம் இல்லை.

அப்ப அது ஒரு மனுசனை ஊரை விட்டுக் கலைக்கிற சொல். இப்ப என்ட பேரன்ட மகன் மூண்டு கண் வச்ச பச்சை ஏலியன் பொம்மையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுறான்.

போன கிழமை எங்கட பழைய துறைமுக ஆக்களின்ட வாட்சப் குரூப்பில ஆரோ அந்த நாள் படங்களைப் பற்றி எழுத, இன்னொருத்தர் "பத்திரத்தோட படம் பாக்க வந்த இந்தியாக்காரன் ஞாபகமோ" எண்டு போட்டிருந்தார். கீழ எல்லாரும் சிரிச்சிருக்கிறியள். இத்தினை வருசமா ஒன்றுகூடல் வழிய நானும் அந்தக் கதைக்கு உங்களோட சேர்ந்து சிரிச்சவள்தான்.

ஆர் வரச்சொன்னது எண்டு அண்டைக்குக் கேட்டவை. அவர் சொல்லேல்லை. சொல்லியிருந்தா என்ட வேலை போயிருக்கும், அது அவருக்குத் தெரியும்.

நான்தான் சொன்னனான்.