நான்காவது வெங்காயம்

அக்கா உப்புப் பார்ப்பது நாக்கால் அல்ல, மூக்கால். அண்டாவின் மூடியைச் சற்றே விலக்கி, ஆவி முகத்தில் அடிக்க ஒரு மூச்சு இழுத்து, "இன்னும் அரைக் கை" என்பார். சந்தேகப்பட்டு யாராவது ருசி பார்த்தால் அரைக் கை குறைவாகத்தான் இருக்கும். ருசி பார்த்தவரைக் கரண்டியோடு விரட்டுவார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் சமூகக் கூடத்தில் 'சுவையும் கதையும்' நடக்கும். போருக்குத் தப்பி இங்கே வந்தவர்களில் ஒருவர் சமைப்பார். அவரைப் பற்றிய பத்து நிமிடப் படம் ஓடும். படம் முடிந்ததும் சாப்பாடு; பரிமாறுவது என்னைப் போன்ற தொண்டர்கள். மற்றவர்கள் ஒன்றிரண்டு மாதத்தோடு நின்றுவிட்டார்கள். அக்கா பதினோராவது மாதமாகச் சமைக்கிறார். கைமணம் ஒரு காரணம். படத்தில் அவர் அழுகிறார் என்பதுதான் பெரிய காரணம்.

மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறார். நான்கு முனையும் பொருந்தாவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பார். வீட்டில் ஒரு துண்டுகூட மடிக்க மாட்டார். கேட்டால், "கை அங்கயே தேஞ்சு போச்சு தம்பி" என்பார். இரண்டு அறை வீடு, அவரும் மாமியாரும். மாமியாருக்குத் தினமும் ஒரே கேள்விதான்: "அவனைப் பத்தித் தகவல் வந்துச்சா?"

அவன் என்றால் அக்காவின் கணவர். ஆறு வருடத்துக்கு முன்பு, எல்லைக்குப் போகும் லாரியில் இவர்களை ஏற்றிவிட்டு, இடம் போதாமல் தான் கீழே நின்றுகொண்டவர். "அடுத்த லாரில வரேன்னாரு. அடுத்த லாரி வந்துச்சு. அவர் வரல. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்." இதற்கு மேல் அக்கா ஒரு சொல் சேர்க்க மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

படத்துக்கு ஒத்துக்கொண்டதே அவருக்காகத்தான். "நாலு பேரு பாப்பாங்க. அதுல ஒருத்தராவது அவரை எங்கயாச்சும் பாத்திருந்தா வந்து சொல்லுவாங்கல்ல?" பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

படக்காரர் நல்லவர். இந்த நல்லவர்களோடுதான் இப்போதெல்லாம் எனக்குச் சண்டை. கேமராவுக்கு முன்னால் அக்கா லாரிக் கதையைச் சொன்னபோது கண்ணில் ஒரு சொட்டு இல்லை. படக்காரருக்கு அது போதவில்லை. வெங்காயம் நறுக்கச் சொல்லி எடுத்தார். நான்காவது வெங்காயத்தில் கண் நிறைந்து வழிந்தது. அந்தக் கண்ணீரின் மேல் லாரிக் கதையின் குரலை ஒட்டி, கீழே ஒரு வரியும் போட்டார்: 'கணவரைப் போருக்குப் பலி கொடுத்தவர், கைமணத்தைப் பலி கொடுக்கவில்லை.'

அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான். "காணாமப் போனார்னு போட்டா படம் தொங்கலா நிக்குது" என்றார் படக்காரர். இத்தனை வருடம் கழித்து வேறென்ன ஆகியிருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரி நன்றாக விழுந்துவிட்டதே என்று பூரித்துப் போனேன், வெட்கங்கெட்டவன்.

மூன்று மாதத்துக்கு முன்பு, காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யாரோ ஓர் அதிகாரி படம் பார்த்திருக்கிறார். கணவர் இறந்ததை நீங்களே படத்தில் தெரிவித்திருப்பதால் தேடுதல் நிறுத்தப்படுகிறது, படம் திருத்தப்பட்டால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. மாமியார் கண்ணில் படாமல் அக்கா அதைப் பருப்பு டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்.

படக்காரரிடம் போய் நின்றார். நானும் கூட நின்றேன்.

"போட்டிக்கெல்லாம் அனுப்பியாச்சுக்கா. இப்ப மாத்த முடியாது. பாக்கறவங்களுக்கும் ஒரு முடிவு வேணும்ல?"

"எனக்கே முடிவு கிடைக்கல. அவங்களுக்கு எதுக்கு தம்பி?"

நான் அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதிப் போட்டேன். கிணற்றில் போட்ட கல்.

பரிமாறும்போது அக்கா மேலங்கிப் பையிலிருந்து கணவரின் புகைப்படத்தை எடுத்து ஒவ்வொருவரிடமும் காட்டுவார். "இவரை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" அப்போதுதான் படம் பார்த்து முடித்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர்கள் முகத்தில் எழுதியிருக்கும். "போனவங்க நம்ம கூடவேதாம்மா இருப்பாங்க" என்று ஆறுதலும் சொல்வார்கள். அக்கா புகைப்படத்தைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு எங்களிடம் திரும்புவார். "அழுதவங்களுக்கு அரைக் கரண்டி சேத்துப் போடுங்க. அழுதா பசிக்கும்." வரியை எழுதியது நான்தான் என்று அவரிடம் ஒருநாள் ஒப்புக்கொண்டேன். "அழகாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். அன்று என் தட்டிலும் அரைக் கரண்டி கூடுதலாக விழுந்தது.

போன சனிக்கிழமை கூட்டம் அதிகம். படம் காட்டும் கருவி வழக்கம்போல் கடைசி வரிசைக்குப் பின்னால், பரிமாறும் மேசையை ஒட்டி இருந்தது. விளக்கை அணைத்துப் படத்தை ஓடவிட்டார்கள். அக்கா திரைக்கு முதுகு காட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முதல் வெங்காயம், இரண்டாவது, மூன்றாவது. கத்தியின் சத்தத்தை வைத்தே எண்ணுகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான்காவது வெங்காயத்தில் கத்தி இறங்கியதும், அண்டாவின் மூடியை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய்க் கருவியின் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்தார். கூடம் இருண்டது. "மெஷின் போச்சு, யாராவது லைட்டைப் போடுங்க!" என்று முன்வரிசையிலிருந்து படக்காரர் கத்தினார். சுவிட்ச் என் தலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இருட்டில் படத்திலிருந்து அக்காவின் குரல் மட்டும், லாரியைப் பற்றி, கூட்டாமல் குறைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மூடியின் ஆவித் தண்ணீர் முழங்கை வழியே சொட்டச் சொட்ட, என் வரி கடந்து போகும்வரை அக்கா அதை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.