சார்ஜ் போட்டால்தான் ஜெபம்

கீழ் வீட்டில் மிக்ஸி சத்தம் பாதியில் நின்றால் நான் ஜெபத்தில் இருக்கிறேன் என்று அர்த்தம். கீழே இருப்பவர் வீட்டுக்காரம்மா. நான் அக்கா என்பேன், என் மகள் பெரியம்மா என்பாள். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஹாரன் சத்தம் ஓயாத ஒரு சந்தில் அவருடைய மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். அக்கா ஐந்து வேளையும் தொழுகிறவர். தொழுகிற ஆளைக் கூப்பிடக் கூடாது, குறுக்கே நடக்கக் கூடாது என்பது அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மரியாதையை அவர் அப்படியே மாடிக்கும் கொடுத்தார்.

"மிக்ஸிய நிறுத்து, மேல தங்கச்சி ஜெபத்துல இருக்கு" என்று மருமகளிடம் சொல்வது ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகவே கேட்கும். நான் அந்நேரம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, சுங்குடிச் சேலை விற்கிற ஒரு பெண்ணின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உடனே சத்தத்தைக் குறைத்துக்கொள்வேன். எனக்கு இருந்த பயபக்தி அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் அது பொய்யில்லை. மகள் பிறந்த புதிதில் மதியம் அவளைத் தூங்கவைத்துவிட்டு உண்மையாகவே முழங்கால் போட்டேன். அம்மா வீட்டில் பழகிய பழக்கம் அது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மனதில் இருப்பதைக் கர்த்தரிடம் கொட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் வரை தாங்கும். இரண்டாவதாகப் பையன் பிறந்த பிறகு முழங்கால் போட்டபடியே கட்டிலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனேன். விழித்தால் விரிப்பில் எச்சில் ஒழுகியிருக்கும். பிறகு ஒருநாள், தூங்குவதற்குப் பதிலாகக் கொஞ்சம் போன் பார்க்கலாமே என்று தோன்றியது. அதற்கப்புறம் முழங்கால் போடுவதும் நின்றுபோனது. கதவைச் சாத்துவது மட்டும் மிச்சம்.

மகளுக்கு நான்கு வயது. எல்கேஜி முடிந்து மதியமே வந்துவிடுவாள். பையன் தொட்டிலில் தூங்கும் நேரத்தில் அவளுக்கு ஒரு தட்டில் முறுக்கையும், கையில் கிரேயானையும் கொடுத்துவிட்டு, "யாராச்சும் வந்தா, இல்ல போன் வந்தா, அம்மா ஜெபத்துல இருக்காங்கன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தேன். சும்மா சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். ஹாலில் கிடக்கும் பழைய பட்டன் போனுக்கு, அலங்காநல்லூர் பக்கம் ஊரில் இருக்கும் என் மாமியார் தினமும் மதியம் கூப்பிடுவார். அம்மா தூங்குறாங்க என்றால், இந்நேரத்துல என்ன தூக்கம் என்பார். குளிக்கிறாங்க என்றால் மறுபடி கூப்பிடுவார். ஜெபத்தில் என்றால் அவராலும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது.

முதல் நாளே அது அருமையாக வேலை செய்தது. "அப்புடியா தாயி, எழுப்பாத. நல்லாப் பண்ணட்டும்" என்று அவர் குரல் ஸ்பீக்கரில் குழைந்ததைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் சமையலுக்குக்கூட அந்தக் குழைவு கிடைத்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அத்தை அதைத் தன் ஊர்ச் சபையில் சொன்னார். எம் மருமக மத்தியானம் ஆனா கதவ அடச்சுருவா என்று. அந்தப் பேச்சு எப்படியோ பஸ் ஏறி மதுரையில் எங்கள் சபைக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் யாராவது என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மகனுக்கு வேலை, கணவருக்குக் குடி, மூட்டுவலி, பொண்ணுக்கு வரன். "ஒங்க ஜெபத்துல நெனச்சுக்கங்கம்மா" என்பார்கள். "ஜெபிக்கிறேன்" என்பேன். எங்கள் ஆட்களிடம் அந்த வார்த்தை, மற்றவர்கள் வாரேன், போறேன் என்பதுபோல விடைபெறும் வார்த்தையாகவே ஆகிவிட்டது. ஷேர் ஆட்டோ வருவதற்குள் மறந்திருப்பேன். ஒரு தடவை பெண்கள் கூட்டத்தில் ஒருவர் என்னை ஜெப வீராங்கனை என்றார். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். பொய்யைவிட அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. அடக்கமாகச் சிரித்தேன்.

என் மகள் ஒருநாள் பொம்மையைப் பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அதன் மடியில் காலித் தீப்பெட்டி ஒன்றையும் வைத்திருந்தாள். என்னடி இது என்றதற்கு, "உஷ், பாப்பா ஜெபத்துல இருக்கு" என்றாள். அன்றிரவு சாப்பிடும்போது அதை என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிள்ளை பக்தியாக வளர்கிறாள் என்று இரண்டு பேருக்கும் பெருமைதான். தீப்பெட்டி எதற்கு என்று இருவரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்த சில வாரங்களில் அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஒருநாள் காலையில் வலி எடுத்து ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து பார்த்தேன். அக்கா ஏறும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஜெபிக்கிறேன்க்கா" என்று கையை அசைத்தேன். அப்புறம் துணி ஊறவைத்தேன், சாம்பார் வைத்தேன், மகளை அழைத்துவந்தேன், பையனைத் தொட்டிலில் போட்டேன், கதவைச் சாத்திக்கொண்டேன். மறந்தேபோனேன். கீழே வீடு பூட்டியிருந்ததால் மிக்ஸிகூட ஞாபகப்படுத்தவில்லை.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ, போன் தானாக அணைந்துபோனது. சார்ஜர் ஹாலில் இருந்தது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசல் கதவு திறந்து கிடந்தது. மேல்படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் மகள், அவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். அக்கா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"முடிச்சிட்டியா தங்கச்சி?"

"முடிச்சிட்டேன்க்கா" என்றேன். யோசிக்காமலே வந்தது.

"வயித்துப் பிள்ளைக்குத் துடிப்பு கொறையுதாம். ஆபரேசன்னுட்டாங்க. எம் மகன் ரத்தத்துக்கு அலையுறான். துணிமணி எடுக்க என்னைய எறக்கி விட்டுட்டுப் போயிருக்கான், இப்ப வந்துருவான். நான் தொழுது துஆ செஞ்சுட்டேன். நீயும் ஒரு வார்த்த சொல்லு தாயி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்.

"இப்ப முடியாது பெரியம்மா. அம்மாவுக்குச் சார்ஜ் எறங்கிருச்சு. சார்ஜ் போட்டாத்தான் ஜெபம்."

அவள் குறும்பாகச் சொல்லவில்லை. வீட்டில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் போட வேண்டும் என்று விருந்தாளியிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அக்காவின் கண் என் கையிலிருந்த போனுக்குப் போனது. எனக்கு முகம் எரிந்தது, காது வரை எரிந்தது. போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மறைத்த பிறகுதான், மறைத்ததே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்று புரிந்தது.

அக்கா என் மகளின் வாயில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டார். பிறகு, "போன்லயா? அதுக்கென்ன, எங்க மருமககூட போன்லதான் ஓதுது. சார்ஜ் போட்டுட்டுச் சொல்லு" என்றார். கீழே பைக் ஹாரன் கேட்டது. துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கியவர், படி திரும்பும் இடத்தில் நின்று, "மறந்துறாத" என்றார்.

நான் ஹாலிலேயே முழங்கால் போட்டேன். வழக்கமாக எங்கள் ஜெபத்துக்கு என்று அழகழகான வார்த்தைகள் உண்டு. கிருபை, இரக்கம், தயவு என்று ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக வரும். அன்று ஒன்றும் வரவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக்கு ரொம்ப நாள் போகாமல் இருந்துவிட்டு, அவசரத்துக்குப் போய்க் கதவைத் தட்டினால் நாக்கு எப்படி ஒட்டிக்கொள்ளும், அப்படி. அதற்குள் மகள் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, போனைச் சார்ஜில் மாட்டிவிட்டாள். வயரை எட்டும் வரை இழுத்து, போனை என் முன்னால் தரையில் வைத்தாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு அதற்கு முதுகு கொடுத்து நின்றாள்.

"நான் யாரையும் விட மாட்டேம்மா. நீ பண்ணு."

"இது வேணாம்டா. எடுத்து வை."

"அப்ப எதுல பண்ணுவ?"

ஞாயிறு பள்ளியில் மனப்பாடப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். என் பிள்ளையின் முன்னால் முழங்காலில் நின்றுகொண்டு, ஜெபத்தை எதில் பண்ணுவது என்று தெரியாமல் விழித்தேன். அவளை இழுத்து மடியில் உட்காரவைத்து, "பெரியம்மா வீட்டு அக்காவுக்கும் பாப்பாவுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது, ஆண்டவரே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மகள் என் வாயையும் தரையில் கிடந்த போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். வீட்டுக்கு வந்த பிறகு அக்கா தட்டில் லட்டு வைத்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். எங்கே, உன் ஜெபம்தான் காப்பாற்றியது என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க வந்தப்ப நான் ஜெபத்துல இல்ல. அன்னைக்கு மட்டும் இல்ல. ரொம்ப நாளாவே."

"தெரியும்" என்றார் அக்கா, தட்டை வைத்தபடியே. "அந்தச் சேலைக்காரி சத்தம் படி வரைக்கும் கேட்டுச்சே."

"அப்பக் கதவத் தட்டிருக்கலாம்ல. ஒங்க மக அங்க அப்புடிக் கெடக்கையில…"

"எம் மகன் வர்ற வரைக்கும் சும்மாதான இருந்தேன். நீயும் கைப்பிள்ளக்காரி. ஒனக்குக் கெடைக்கிறதே அம்புட்டு நேரந்தான். அதையும் நான் வந்து கெடுக்கணுமாக்கும்னு உக்காந்துட்டேன்."

"தெரிஞ்சுமா என்னைய ஜெபம் பண்ணச் சொன்னீங்க?"

"பண்ணலன்னாலும், பண்ணத் தெரிஞ்சவதான நீ. அன்னைக்கு யார்கிட்டதான் நான் கேக்கல? ஆட்டோக்காரர்கிட்டகூடச் சொன்னேன்."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. திட்டினால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி, என் தூக்கமில்லாத ராத்திரிகளையும் புண்ணாகிப்போன மார்பையும் எடுத்துவைத்து வழக்காடியிருப்பேன். அதையெல்லாம் எனக்கு முன்பே அவர் யோசித்துவிட்டு, மகளின் உயிர் ஊசலாடும் நேரத்தில் என் வாசல்படியில் காத்திருந்திருக்கிறார். போனில் ஓதுகிற மருமகள் பேச்சும் என் பிள்ளைக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவரிடம் சொல்லிவிட்டேனே தவிர, வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. பெண்கள் உபவாச ஜெபத்தை நடத்தித் தரச்சொல்லிச் சபையில் கேட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றேன். அதுவும் பொய்தான். யாராவது செருப்பு மாட்டும் இடத்தில் கையைப் பிடித்தால் இப்போது அங்கேயே, ஷேர் ஆட்டோக்காரர் கூப்பிடக் கூப்பிட, கண்ணை மூடி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். என் ஞாபகத்தை நம்பி எதையும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அதைப் பார்த்து, பக்தி இன்னும் கூடிவிட்டது என்கிறார்களாம்.

மதியம் கதவைச் சாத்துவதில்லை. ஆனால் படுக்கிறேன், போனும் பார்க்கிறேன். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே அத்தையிடம், "அம்மா படுத்துக்கிட்டு செல்லு பாக்குறாங்க அப்பத்தா" என்றாள். அவர், "பாக்கட்டும், பாக்கட்டும்" என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் பழைய குழைவு இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுடைய கணக்குத்தான் தீரவில்லை. சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவளையும் பையனையும் உட்காரவைத்துக் குடும்ப ஜெபம் செய்கிறோம். போன் இல்லாமலும் ஜெபிக்கலாம், ஆண்டவருக்குச் சார்ஜ் வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. தலையாட்டுவாள். நேற்றும், "வாடா, ஜெபம் பண்ணலாம்" என்று நான் பாயை விரித்தபோது அவள் ஓடிப்போய்ச் சார்ஜரிலிருந்து போனைக் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"ஃபுல்லா இருக்கும்மா."

நான் அதை வாங்கி அலமாரி மேல் வைத்தேன். அவள் முகம் சுருங்கிப்போனது. கேட்காமலே எடுத்துவந்ததற்கு அம்மா மெச்சிக்கொள்வாள் என்று நினைத்திருப்பாள்.